அளந்து வைத்தால்தான் மீண்டும் பிறக்கும்

அறுபது, எழுபதுகளின் பேஸ் கிடார்களை அதே அளவில், அதே ஒலியில் மறுபடியும் தயாரிக்க வேண்டும் என்று உலகெங்கும் இசைப் பிரியர்கள் கேட்டுவருகிறார்கள். வசதி படைத்தவர்களின் பழம்பொருள் மோகம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த நெய்வேலி போன்ற ஊரிலிருந்து பார்த்தால், அந்தக் கோரிக்கையில் நமக்கும் பங்கு உண்டு என்பது புரியும்.

தமிழ்த் திரைப்பாட்டில் பேஸ் வெறும் தாளத்துணை அல்ல. இளையராஜா அதைப் பாடகரின் குரலோடு உரையாடும் இன்னொரு மெட்டாகவே எழுதினார். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸும் நம் காதுகளைப் பழக்கியவர்கள். கேசட்டில் பாட்டை மனப்பாடமாகக் கேட்டிருந்த ஜனங்களுக்கு முன்னால் அதே பேஸை வாசித்துக் காட்டும் பொறுப்பு மெல்லிசைக் குழுக்களுக்கு இருந்தது. அந்தக் கலைஞர்களின் பெயர்கள் எந்த உறையிலும் அச்சாகவில்லை.

அவர்கள் தேடிய ஒலிக்குக் காரணங்கள் உண்டு. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும் 1960இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தார். தூக்கிச் செல்லவே சிரமமான டபுள் பேஸின் வேலையை, தோளில் மாட்டும் ஒரு பலகைக் கருவி எடுத்துக்கொண்டது. அன்று பரவலாக இருந்தவை வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகள். பிரிட்ஜை மறைக்கும் உலோக மூடிக்குள் ஒரு துண்டு ஃபோம் கம்பியை அழுத்தியிருக்கும். அதனால் ஸ்வரம் நீண்டு ரீங்கரிக்காமல், அழுத்தமாக ஒலித்துச் சட்டென்று அடங்கும். பால் மெக்கார்ட்னியால் புகழ்பெற்ற ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1, உள்ளே கூடான உடலாலும் குறைந்த கம்பி நீளத்தாலும் வேறொரு கனத்தைத் தந்தது. மரம், கம்பி, பிக்அப், அளவு எல்லாம் சேர்ந்தே அந்த ஒலி பிறந்தது.

1965இல் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. அடுத்த ஆண்டுகளில் உற்பத்தி பெருகியது. தரம் குறைந்ததாக வாசிப்பவர்கள் குறைபட்டார்கள். பழைய கருவிகளைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 1982இல் ஃபெண்டர் நிறுவனமே 1957, 1962ஆம் ஆண்டு மாடல்களை மறுவெளியீடாகக் கொண்டுவந்தது. அதற்காக அதன் பொறியாளர்கள் பழைய கருவிகளைத் தேடிப்போய் அளவெடுத்தார்கள். தாங்கள் செய்து விற்றதையே விலைகொடுத்தும் வாங்கினார்கள். உலகின் முன்னணி நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ஆவணமே இல்லாத நம் மேடைக் கருவிகள் என்னவாகும்?

புதிய கருவிகள் மலிவாகவும் பிசிறில்லாமலும் கிடைக்கும்போது மறுவெளியீடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால், மறுவெளியீடு என்றாலே எட்டாத விலை என்பதில்லை. அதே 1982இல் ஜப்பானில் தயாரான ஃபெண்டரின் ஸ்குவையர் கருவிகள் பழைய வடிவங்களைக் குறைந்த விலையில் கொடுத்தன. அளவு தெரிந்துவிட்டால் விலையைக் குறைக்க வழி உண்டு. அளவே தொலைந்துவிட்டால் எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை.

மரத்தின் கதை நம்மை நேராகவே தொடுகிறது. பழைய கிடார்களின் விரற்பலகைக்குப் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அதன் இடத்தைப் பெருமளவு நிரப்பியது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் வளரும் நம் ஈட்டி மரம். 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. உலகத்தின் கிடார்களுக்கு மரம் தரும் நாடு, தன் மேடைகளில் ஒலித்த கிடார்களின் வரலாற்றைக் கைவிடலாகாது.

1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தன. வெளிநாட்டுக் கருவி கிடைப்பது அரிது; மெல்லிசைக் கலைஞர்கள் கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளை வாங்கி, பிக்அப்பை மாற்றி, நெக்கைச் சீவி, கைக்குத் தோதாக்கிக்கொண்டார்கள். அப்படி மாறிய கருவிகளே தமிழ் மெல்லிசையின் உண்மையான ‘வின்டேஜ்’. எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் அவை இல்லை.

அவற்றைப் பதிவுசெய்யும் அவசரம் நெய்வேலியில் அதிகம். 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சி, பல மாநிலத்தவரையும் ஒரே நகரியத்தில் குடியமர்த்தியது. ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். வீடு மாறும் நாளில் முதலில் பழைய இரும்புக்காரரிடம் போவது யாரும் வாசிக்காத கிடாரும் பழுதான ஆம்ப்ளிஃபயரும்தான். கருவியோடு, அதில் விரல் பழகிய விதத்தைச் சொல்லக்கூடியவரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. நெக்கின் தடிமன், கம்பியின் நீளம், பிக்அப் இருக்கும் இடம், அதன் மின்தடை, மொத்த எடை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும், படமெடுக்க வேண்டும், வாசித்தவரையே வாசிக்கவைத்து ஒலிப்பதிவு செய்ய வேண்டும். என்எல்சி ஆண்டுதோறும் நடத்தும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் இதற்கென ஓர் அரங்கு ஒதுக்கலாம். இசைக் கல்லூரிகளும் பொறியியல் மாணவர்களும் கைகோக்கலாம். அந்த அளவுகளைப் பொதுவில் வைத்தால், கோவையிலோ சென்னையிலோ கிடார் செய்யும் ஒருவர் நாளை அதைத் தொழிலாக்க முடியும்.

மறுவெளியீட்டுக்காக வெளிநாட்டு நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்திருப்பது ஒரு வழி. நம் வீட்டுப் பரண்களில் இருப்பதை இன்றே அளந்து வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, தாமதிக்கத்தான் நேரமில்லை.