மீன் விலையும் டீசல் செலவும்

டீசல் விலை ஏறினால் மீன் விலையும் அதே அளவு ஏறும் என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. விசைப்படகு உரிமையாளர் தம் செலவைக் கணக்கிட்டு மீனுக்கு விலை வைப்பதில்லை. கரையில் ஏலம் விடப்படுகிறது. அன்றைய வரத்தும் வியாபாரிகளின் தேவையுமே விலையைத் தீர்மானிக்கின்றன. கமிஷன் மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் விவசாயியின் நிலையும் இதுவே.

டீசல் செலவு வேறு வழியாக விலையில் ஏறுகிறது. கட்டுப்படியாகாதபோது படகுகள் கடலுக்குச் செல்வதைக் குறைத்துக் கொள்கின்றன. வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. ஐஸ் செலவும் லாரி வாடகையும் சேர்ந்து, ஏழை வீட்டுக் குழம்புக்கான மத்தி மீனும் உள்ளூர்ச் சந்தையில் எட்டாத விலைக்குப் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு படகு கடலுக்குச் சென்று திரும்ப 300 லிட்டர் டீசல் செலவாவதாகக் கொள்ளலாம். லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 1,500 ரூபாய். 500 கிலோ மீன் கிடைத்தால் கிலோவுக்கு 3 ரூபாய்தான் சுமை. 100 கிலோ மட்டும் கிடைத்தால் 15 ரூபாய். ஆகவே, லிட்டருக்கு எத்தனை கிலோ மீன் கிடைக்கிறது என்பதே முக்கியம். நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் டீசல் எஞ்சின் கொண்டு இறைக்கும் விவசாயிகள் இதை நன்கு அறிவர்.

படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் வழங்கப்படுகிறது. இவ்வுதவி தேவையே. ஆனால் அது கடலில் மீனைப் பெருக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்கு விதிக்கப்படும் தடையும், சிறு கண்ணி வலைகளைத் தவிர்த்து மீன் குஞ்சுகளை விட்டுவைப்பதுமே மீன்வளத்தைக் காக்கும் வழிகள். குஞ்சுகளை அள்ளித் தீவன ஆலைக்கு அனுப்பினால், அடுத்த ஆண்டு அதே மீனுக்கு இரட்டிப்பு டீசல் எரிக்க வேண்டியதுதான்.

தடைக்காலம் ஏறத்தாழ சித்திரை, வைகாசி மாதங்களில் அமைகிறது. அப்போது கடல் மீன் வரத்துக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் பண்ணைக் குட்டையில் ஆறு, ஏழு மாதம் தண்ணீர் நிற்குமானால், விரலளவுள்ள கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்த்து அச்சமயத்தில் பிடிக்கலாம். கரையிலேயே விற்றால் ஐஸ் செலவில்லை, லாரி வாடகையும் இல்லை. ஆனால், எஞ்சின் வைத்து இறைத்துக் குட்டையை நிரப்ப வேண்டியிருந்தால் இந்த ஆதாயம் டீசலோடு போய்விடும்.

கடலில் மீன் குறையுமானால், எந்த மானியத்தாலும் மீன் விலையைப் பிடித்து நிறுத்த இயலாது.