மறைத்துக் காத்த கரங்கள்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 11:1-3, 2 நாளாகமம் 22:10-12



கொரிய நாட்டு அரண்மனைத் தொடர்கள் இன்று நம்முடைய இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டன. இரவு ஜெபம் முடிந்ததும் கைப்பேசியில் அவற்றைக் காண்போர் வாலிபர் மட்டும் அல்லர். இவற்றைப் பார்ப்பது பாவமா என்று சிலர் கேட்கிறீர்கள். கதை கேட்பது பாவமன்று. நம் ஆண்டவரே கதைகளைச் சொல்லிப் போதித்தவர். ஆனால் அக்கதையில் வரும் எவரை நம் உள்ளம் வியக்கிறது என்பதை நாம் ஆராய்ந்தே ஆகவேண்டும்.

2009ஆம் ஆண்டில் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி 62 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘சோன்டோக் அரசி’ என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். சில்லா நாட்டை 632 முதல் 647 வரை ஆண்ட அதன் முதல் பெண்ணரசியைப் பற்றிய கதை அது. அரண்மனையில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறக்கின்றன. இரட்டையர் பிறந்தால் அரச குலத்திற்குக் கேடு என்றொரு குறிச்சொல் இருக்கிறது. அதைக் காரணமாகக் காட்டி அரசியை வீழ்த்த மிஷில் என்னும் பெருமாட்டி காத்திருக்கிறாள். ஆகவே ஒரு குழந்தை பணிப்பெண்ணின் கையில் இரகசியமாக வெளியே அனுப்பப்படுகிறது. அக்குழந்தையே பிற்காலத்தில் அரசியாகிறாள்.

ஆயினும் பார்ப்போரில் பலருடைய மனத்தில் நிற்பவள் மிஷிலே. அவ்வேடம் ஏற்ற நடிகை கோ ஹியோன்-ஜங் அவ்வாண்டில் அத்தொலைக்காட்சியின் தலையாய விருதைப் பெற்றார். நடிப்பு சிறந்ததே. ஆனால் புன்னகை மாறாமல் பிறரை அகற்றும் ஒருத்தியைப் பார்த்து, ‘வாழ்ந்தால் இவளைப்போல் வாழவேண்டும்’ என்று நம் பிள்ளைகள் சொல்வார்களானால், நாம் சற்று நின்று பேசவேண்டும்.

பிரியமானவர்களே, இக்கதை வேதத்தை வாசிக்கிற நமக்குப் புதியதன்று. யூதாவின் ராஜாவாகிய அகசியா இறந்தபோது, அவனுடைய தாய் அத்தாலியாள் ராஜவம்சத்தார் அனைவரையும் கொன்று சிங்காசனத்தில் ஏறினாள். கொல்லப்பட்டவர்கள் அவளுடைய சொந்தப் பேரப்பிள்ளைகள். அவ்வேளையில் அகசியாவின் சகோதரியாகிய யோசேபாள், குழந்தை யோவாசை அவனுடைய தாதியோடுகூட ஒளித்து வைத்தாள். ஆறு ஆண்டுகள் அக்குழந்தை கர்த்தருடைய ஆலயத்தில் மறைந்திருந்தது. ஏழாம் ஆண்டில் அவன் முடிசூட்டப்பட்டான்.

இருவரும் அரச குலத்துப் பெண்கள். இருவருக்கும் அரண்மனைக் கதவுகள் திறந்திருந்தன. ஒருத்தி தன் செல்வாக்கைக்கொண்டு மற்றவர்களை அழித்தாள்; மற்றொருத்தி தன் செல்வாக்கைக்கொண்டு பேச இயலாத ஒரு சிசுவைக் காத்தாள். தாவீதுக்கு தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் அந்நாளில் யோசேபாளின் கைகளில் தங்கியிருந்தது. பிள்ளை அரசனானபின் அவள் தனக்கென ஏதும் கேட்டதாக வேதத்தில் இல்லை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். பெண்களின் அதிகாரத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது நம்மில் பலர் யேசபேலையும் அத்தாலியாளையும் மட்டுமே எடுத்துக்காட்டுகிறோம். யோசேபாளை மறந்துவிடுகிறோம். பெண் கையில் பொறுப்பைக் கொடுத்தால் குடி கெடும் என்று முடித்துவிடுகிறோம். 647இல் சோன்டோக்குக்கு எதிராகக் கலகம் செய்த பிதாம் என்பவனும், பெண்ணரசியால் நாட்டை நன்றாக ஆள முடியாது என்றே காரணம் சொன்னான். அந்தப் பழைய கூக்குரல் சபையிலும் ஒலிக்கலாகாது. அத்தாலியாளின் பாவம் அவள் பெண்ணாயிருந்தது அன்று. அதிகாரத்தைத் தன் சொத்தாக எண்ணியதே அவள் பாவம். பெத்லகேமின் பிள்ளைகளைக் கொன்ற ஏரோது ஆண்தானே!

நம் மண்ணின் சான்று ஒன்றும் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அம்மன்னனின் மருமகள் செம்பியன் மாதேவியார். அவருடைய கணவர் கண்டராதித்தர் மறைந்தபோது மகன் சிறுவன். அரியணை கணவரின் தம்பிக்கும், பின்னர் அத்தம்பியின் மகனுக்கும் சென்றது. மகன் உத்தம சோழன் பல ஆண்டுகள் கழித்தே முடிசூடினான். அரண்மனைத் தொடருக்கு ஏற்ற கதைதான்! ஆனால் கல்வெட்டுகள் அவ்வம்மையாரைப் பற்றிப் பேசுவது அவர் அளித்த கொடைகளையே. செங்கற்கோயில்களை அவர் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவலில் பழைய கட்டடத்தை மாற்றியபோது, அதிலிருந்த முன்னோரின் கொடைக் கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவருடைய சமயம் வேறு, நம்முடைய விசுவாசம் வேறு. எனினும் தன் பெயரை எழுதுவதற்காகப் பிறர் பெயரை அழிக்காத அந்தப் பெருந்தன்மையை நாம் மதிக்கலாம்.

அதே உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரக்கூடாது என்கின்றன. நல்ல விதி. ஆனால் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் மறைக்கல்வியும் உடையோர் பெயர்களே அக்குடத்தில் இடப்பட்டன. நிலமற்ற நம் முன்னோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இன்று தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் சரிபாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கச் சட்டம் உண்டு. அப்படியிருந்தும் பலகையில் மனைவியின் பெயரும் நாற்காலியில் கணவரும் இருப்பதைக் காண்கிறோம்.

ஆகவே சகோதரரே, உங்கள் மனைவியோ மகளோ பொறுப்பேற்றால், அவள் கையெழுத்தை அவளே இடட்டும். சபைக் கமிட்டியில் சகோதரிகளுக்குக் காணிக்கை எண்ணும் வேலையை மட்டும் கொடுத்து, தீர்மானிக்கும் வேளையில் அவர்களை வெளியே நிறுத்தாதிருங்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகளிர் குழுவிலோ வீட்டிலோ நீங்கள் மாமியாராக, தலைவியாக, மூத்தவளாக அமர்ந்திருக்கும் இடத்தில் உங்களுக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள். புதிதாக வந்த மருமகளாக இருக்கலாம். தவணை கட்ட இயலாத விதவையாக இருக்கலாம். உங்கள் நிழலில் அவள் பிழைப்பாளா, அஞ்சுவாளா? குழுவின் கணக்கேட்டை அவள் கேட்டால் திறந்து காட்டுவீர்களா? இவ்வாரம் அவளுடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பின் அவளுடைய வீட்டுக்குச் செல்லுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்களிடம் உள்ள அதிகாரம் சிறிதாயினும் பெரிதாயினும் அது உம்முடையது. அதைக்கொண்டு பலவீனரைக் காக்கவும், உமக்கு உண்மையாய்க் கணக்கு ஒப்புவிக்கவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.