மாத்திரைக்கு ஒரு பாஸ்புக்

டாக்டர் இலவசமாகப் பார்த்தாலும், 'மாத்திரையை வெளியே வாங்கிக்கோங்க' என்று சீட்டை நீட்டினால், கூலிக்குப் போகிறவரின் அன்றைய சம்பளம் காலி. பலர் பாதிதான் வாங்குவார்கள். சிலர் வாங்கவே மாட்டார்கள்.

1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் (வங்கிக் கணக்கு மாதிரியேதான்!). ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் பெயரை மறைத்துத்தான் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். இலவசம் என்றாலே மட்டம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நடக்க முடியாத பாட்டிக்கு பஸ் செலவும் மிச்சம்.