உங்களோடு நீங்கள் கதைப்பது என்ன?

காலைப் பரபரப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து விடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் மனதுக்குள் என்ன வசனம் ஓடுகிறது? "எனக்கு ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது!" இப்படித்தானே நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம்? வழிந்தது அரைக் கோப்பைப் பால். தீர்ப்போ முழு ஆயுளுக்கும்!

இதே பால் பக்கத்து வீட்டு ராத்தாவின் அடுப்பில் வழிந்திருந்தால் நீங்கள் அவரிடம் இப்படிச் சொல்வீர்களா? ஒருக்காலும் மாட்டீர்கள். "விடுங்க ராத்தா, பால் என்றால் பொங்கத்தானே செய்யும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, துடைப்பதற்குத் துணியையும் எடுத்துக் கொடுப்பீர்கள். பிறருக்குச் சொல்லத் துணியாத வார்த்தைகளை நமக்கு நாமே நாளொன்றுக்கு எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறோம்? இன்று ஒரு நாளைக்கு மட்டும் கவனித்துப் பாருங்கள். எண்ணிக்கை உங்களுக்கே வியப்பைத் தரும்.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரோன் பெக் என்ற மனநல வைத்தியர் ஒரு விடயத்தைக் கண்டார். மனச்சோர்வால் வருந்துவோர் வைத்தியரிடம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்களது உள்ளத்தில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அது தானாக வரும், சட்டென்று மறையும். ஆனால் உரியவர் அதை விசாரிக்காமலேயே நம்பிவிடுவார். அந்தப் பேச்சை வெளியே இழுத்து, "இது உண்மைதானா? இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கப் பழக்கினார் பெக். இன்று உலகின் பல நாடுகளிலும் வழங்கப்படும் அறிகை நடத்தைச் சிகிச்சையின் முக்கிய வேர்களுள் இதுவும் ஒன்று.

"அப்படியானால் நல்ல வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

பிரான்ஸ் நாட்டில் எமில் கூவே (1857 - 1926) என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் நோயாளிகளுக்குக் கூடுதல் குணம் தெரிவதை அவர் கவனித்தார். பின்னர் நான்சி நகரில் இலவசமாகவே மக்களைச் சந்தித்து, தாம் நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் நலமடைந்து வருவதாகக் காலையிலும் இரவிலும் இருபது தடவை சொல்லிக்கொள்ளும்படி கற்பித்தார். எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட ஒரு கயிறு! தஸ்பீஹ் மணியில் எண்ணிப் பழகிய நமக்கு இது புதினமாக இராது. 1920களில் அவரது புகழ் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. அதன் பின்னர் வந்த தன்னம்பிக்கை நூல்கள், கசெட்டுகள், இன்று கைத்தொலைபேசியில் வரும் காலை வாசகங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கயிற்றின் பிள்ளைகள்தாம்.

ஆனால் 2009ஆம் ஆண்டில் கனடாவின் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஒரு பகுதியினரை நான்கு நிமிடங்கள் மனதில் தோன்றுவதை எழுதச் சொன்னார்கள். இடையிடையே ஒலி கேட்கும்போதெல்லாம், தாம் அன்புக்கு உரியவர் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். முடிவு என்ன தெரியுமா? தம்மைப் பற்றி ஏற்கெனவே நல்லெண்ணம் உடையவர்களுக்குச் சிறிது தெம்பு கிடைத்தது. தம்மைத் தாழ்வாக நினைப்பவர்களோ, அப்படிச் சொல்லாதவர்களை விடவும் மனம் வாடிப்போனார்கள். மருந்து யாருக்கு மிகத் தேவையோ, அவருக்கே அது கசந்தது!

ஏன் இப்படி? உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அது எதிர்வழக்குப் பேசத் தொடங்குகிறது. "நான் அன்புக்கு உரியவள்" என்றதும், "அப்படியா? நேற்று மாமி சொன்னது மறந்துபோச்சா?" என்று கேட்கிறது. பத்துத் தடவை சொன்னால் பத்துத் தடவை கேட்கிறது. இதைப் படிக்கும் சகோதரி யாராவது, கண்ணாடி முன் நின்று நல்ல வாசகங்கள் சொல்லிப் பார்த்து, "எனக்கு இதுவும் பலிக்கவில்லையே" என்று சோர்ந்திருந்தால், குறை உங்களிடம் இல்லை, வாசகத்தில்தான் இருக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. அந்த வசனம் எந்த வகையில் உண்மை, எந்த வகையில் உண்மையல்ல என்று இரண்டு பக்கமும் யோசிக்க விடப்பட்டவர்கள், உண்மையான பக்கத்தை மட்டுமே நினைக்கப் பணிக்கப்பட்டவர்களைப் போல அவ்வளவாக வாடவில்லை.

ஆகவே பெரிய வசனங்களை விடுங்கள். மனம் மறுக்க முடியாத சிறிய வசனமாகப் பாருங்கள். "நான் கெட்டிக்காரி" என்பதற்குப் பதிலாக, "போன மாதம் வங்கிப் படிவத்தை யார் துணையுமின்றி நிரப்பினேன். இதையும் பார்த்துக்கொள்ளலாம்." இதற்கு மனம் என்ன எதிர்வழக்குப் பேச முடியும்? அதுதான் நடந்த விடயமாயிற்றே!

நேர்முகப் பரீட்சை, மேடைப் பேச்சு போன்ற பதற்றமான வேளைகளில் உங்களை உங்கள் பெயர் சொல்லியே அழைத்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் ஈதன் குரோஸ் என்ற உளவியலாளரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், "நான்" என்பதை விட்டுத் தம் பெயரால் தம்மோடு பேசிக்கொண்டவர்கள் மேடையில் குறைவாகத் தடுமாறினார்கள். பெயர் சொல்லும்போது நாம் நமக்கே ஒரு மூத்த சகோதரியாகி விடுகிறோம் போலும். "ஃபாத்திமா, முதலில் மூச்சை விடு. தெரிந்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லு." விளையாட்டு வீரர்களும் இப்படித்தான். "நான் வெல்வேன்" என்று முழங்குவதை விட, "பந்தைப் பார், மணிக்கட்டைத் தளர்த்து" என்று செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொள்வது நுணுக்கமான வேலைகளுக்கு உதவுகிறது. ஊசியில் நூல் கோர்க்கும்போதும் சைக்கிள் பழகும்போதும் இது பொருந்தும்.

இனிப் பிள்ளைகளின் விடயம். நான் இன்று எழுத நினைத்ததே உண்மையில் இதைத்தான்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை விளையாடும்போது தனக்குத்தானே முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீர்கள். "இதை இங்க வைக்கணும்... ஐயோ விழுந்துட்டு... திருப்பி வைப்போம்." ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, பிள்ளை வளர வளர இந்தப் பேச்சு வாயிலிருந்து மறைந்து உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்று விளக்கினார். அவர் 37 வயதிலேயே, 1934இல் காலமானார். அவரது கருத்து இன்றும் வாழ்கிறது. உள்ளே போகும் அந்தப் பேச்சுக்கு வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன? பெரியவர்களாகிய நம்மிடமிருந்துதான். தவணைப் பரீட்சையில் கணக்கில் 32 புள்ளி எடுத்து வந்த மகனிடம், "உனக்குக் கணக்கு வராது, உன் வாப்பாவுக்கும் அப்படித்தான்" என்கிறோம். நமக்கு அது ஒரு நிமிடக் கோபம். அடுத்த வினாத்தாளை விரிக்கும்போது அவன் காதில் அது அவனுடைய சொந்தக் குரலாகவே கேட்கும். "எந்தக் கணக்கில் பிழைத்தது? அதை எடு பார்ப்போம்" என்றாலும் அதே ஒரு நிமிடம்தான் ஆகும்.

இன்னொரு வழியும் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஒரு பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுமார் 15 நிமிட எழுத்து வேலை ஒன்று கொடுத்தார்கள். குடும்பம், நட்பு, கலை என்று தமக்கு முக்கியமான ஒன்றைத் தெரிந்து, அது ஏன் முக்கியம் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். தம் இனத்தவரைக் கல்வியில் பின்தங்கியோர் என்று கருதும் சூழலில் படித்த கறுப்பின மாணவர்களின் புள்ளிகள் உயர்ந்து, வெள்ளை இன மாணவர்களுடனான இடைவெளி சுமார் 40 சதவீதம் குறைந்தது. பின்னர் வேறு பாடசாலைகளில் செய்தபோது எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கொப்பியில் ஒரு பக்கம், செலவு ஒன்றுமில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதியதை நீங்கள் கேட்டு வாங்கிப் படிக்காதீர்கள்.

ஒன்று மட்டும். உள்ளே ஓடும் பேச்சு "என்னால் முடியாது" என்பதைத் தாண்டி, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்ற இடத்துக்குப் போய்விட்டால், அது வாசகங்களால் தீர்கிற காரியமல்ல. வைத்தியரிடம் போக வேண்டிய வேளை அது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம். தயக்கமாக இருந்தால் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், "நீங்கள் எடுத்துத் தாருங்கள், நான் கதைக்கிறேன்" என்று கேளுங்கள்.