தம்பூராவின் ஜீவன்

எங்கள் தாயாரின் தம்பூரா ஏழெட்டு வருஷங்களாக உறைக்குள் மூலையில் சாய்ந்து கிடந்தது. நவராத்திரிக்கு முன் என் தமக்கை அதை எடுத்துத் துடைத்துப் புதுத் தந்திகள் போடுவித்தாள். மீட்டினால் விரிசல் கண்ட பானையைத் தட்டியதுபோல் 'டொக்' என்றது. தந்தி போட்டவரோ, "குடம் செத்துவிட்டது, அம்மா! இதை எடுத்துக்கொண்டு வேறொன்று தருகிறேன், மேற்கொண்டு கொஞ்சம் பணம் கொடுங்கள்" என்றார். "ஏன் தம்பி, மரத்துக்குக்கூடவா ஆயுள் முடியும்?" என்று அக்காள் என்னைக் கேட்டாள். கேட்டபோதே பாதி சம்மதித்துவிட்டாள் என்பது குரலில் தெரிந்தது.

மரத்துக்கும் ஆயுள் முடியலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் விசாரிக்க வேண்டிய சாட்சிகள் சில உண்டு. முதற் கேள்வி, மழுங்கல் ஒரு தந்தியிலா, நான்கிலுமா என்பது. ஒன்றில் மட்டுமானால் குடத்தின்மேல் பழி போடுவது அநியாயம். அந்தத் தந்தி துருவேறியிருக்கலாம், மடங்கியிருக்கலாம், சுருதி சேர்க்கும் மணி ஏடாகூடமாக நிற்கலாம். நான்கும் மழுங்கினால் குதிரை நகர்ந்திருக்கிறதா, மேற்பலகை விண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தேன். அதிர்வு ஏதுமின்றிக் கணீரென்றது. பின் குதிரையைக் குனிந்து பார்த்தேன். தந்திகளுக்கு அடியில் நூலே இல்லை! பழைய தந்திகளோடு ஜீவாளியையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

அந்தச் சிறு நூலின் மகிமையைக் கல்லூரியில் பௌதிகம் படித்தபோதுதான் நான் அறிந்தேன். தந்தியை நட்டநடுவில் மீட்டினால், நடுவில் அசைவற்று நிற்க வேண்டிய இரட்டைப்படை மேல்ஸ்வரங்கள் எழவே கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஐரோப்பிய அறிஞர்களின் விதி. நம் தம்பூராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்குவதில்லை என்று 1921-ல் கல்கத்தாவிலிருந்து எழுதிக் காட்டினார் ஸர் சி. வி. ராமன். காரணம், குதிரையின் வளைந்த மேற்பரப்பு. தந்தி கத்திமுனை போன்ற ஓர் ஓரத்தில் நில்லாமல், அதிரும்போதெல்லாம் அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்பூராவில் அது எவ்வளவு தொட வேண்டும் என்று அளந்து கொடுப்பதே நூலின் வேலை. நூல் இல்லாவிட்டால் தந்தி குதிரையோடு ஒட்டிக்கொண்டு ஊமையாகிறது. எந்தப் பெயரறியாத் தச்சர் இதை முதலில் கண்டாரோ, அவருக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை.

அக்காள் பழைய புடைவைத் தலைப்பிலிருந்து பருத்தி இழை ஒன்றை உருவினாள். அம்மாவும் அப்படித்தான் செய்வாளாம், எனக்கு நினைவில்லை. முதலில் சுருதி சேர்த்துவிட வேண்டும். பிறகு நூலைத் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே மணிப் பக்கமிருந்து செருகி, ஒரு கையால் மீட்டிக்கொண்டே மறு கையால் மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்த வேண்டும். அவசரம் உதவாது. ஓரிடத்தில் சட்டென்று தந்தி வாய் திறக்கும். சற்றே தாண்டினால் மறுபடியும் மூடிக்கொள்ளும். சுருதியை மாற்றினால் நூலையும் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். பொத்தானைத் தொட்டால் பாடும் மின்சாரச் சுருதிப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லைதான். இந்த ஆனந்தமும் இல்லை.

பஞ்சமமும் இரண்டு சாரணிகளும் அன்று மாலையே பேசின. பித்தளையாலான மந்தரத் தந்தி மட்டும் எத்தனை நகர்த்தியும் ஜலதோஷம் பிடித்த குரலில் முனகியது. அதன் கீழே குதிரையில் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தில் அமர்ந்த தந்திக்கு நூலால் பயனில்லை; மேற்பரப்பை அராவி வளைவைச் சீராக்க வேண்டும். நானே உப்புத்தாளை எடுத்தேன். அக்காள் பிடுங்கிக்கொண்டாள். அவள் செய்தது சரி. இரண்டு தேய்ப்பு அதிகமானால் குதிரையையே மாற்ற நேரும்.

அடுத்த மாதம் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் காட்டுவதாக ஏற்பாடு. அதுவரை மூன்று தந்திகளோடு பாடுகிறாள். வேறொன்று தருவதாகச் சொன்னவர் மறுநாள் வந்தார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.