துவாரத்தில் துவாய் அடைத்த கதை



எங்கள் தொழிற்சாலையின் பின்வேலியோடு ஒரு சிறிய விமானத்தளம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலியோரம் நின்று புதினம் பார்ப்பது என் வழக்கம். அங்கே நிற்கும் ஒரு செஸ்னா 172 என்னைவிட மூத்தது. இந்த நாலு இருக்கை விமானம் 1956ல் விற்பனைக்கு வந்த இனம். பார்த்தால் உடம்பெல்லாம் ஓட்டை! என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் முன்பு விமானம் திருத்தியவர். அவரைப் பிடித்து விசாரித்தேன்.

மூக்கிலுள்ள இரண்டு பெரிய வாய்களும் எஞ்சினுக்கு. அதற்குக் கார் போலத் தண்ணீர் இல்லை, காற்றுத்தான் ஆற்றுகிறது. சிறகின் முன்விளிம்புத் துளைகள் உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட. இவை ஊகிக்கக் கூடியவைதான்.

என்னை மடக்கியது இடது சிறகின் கீழே, தாங்குதடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய குழாய். ஊரில் ரின்பால் பேணிக்கு ஒரு ஓட்டை மட்டும் குத்திச் சரித்தால் பால் ஒழுங்காக வராது. காற்றுப் போக மற்றப் பக்கத்திலும் ஒன்று குத்துவோம். அதே கதைதான் இங்கேயும். பெற்றோல் சிறகுகளுக்குள் இருக்கிறது, தன் பாரத்தாலேயே எஞ்சினுக்கு இறங்குகிறது. இறங்கிய இடத்துக்குக் காற்றுப் போகாவிட்டால், தாங்கி நிறைய இருந்தும் எஞ்சின் நின்றுவிடலாம். அடைக்கிற எதிரி யார் தெரியுமோ? மண்குளவி! வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பா அம்மம்மா. இங்கே விமானி பறக்க முன்னர் குனிந்து அந்தக் குழாயைப் பார்க்கிறார்.

பிறகு சூட்டுக் காற்றைப் பற்றிச் சொன்னார். வெளிக்காற்று எஞ்சினின் புகைபோக்கியைச் சுற்றி ஓடிச் சூடாகி உள்ளே வருகிறது. புகைபோக்கியில் வெடிப்பு விழுந்தால் காபனோரொட்சைட்டும் சேர்ந்து வரும். ஓ.எல். வகுப்பில் பாடமாக்கிய அதே வாயு. நிறமில்லை, மணமில்லை. தலையிடிக்கும், தூக்கம் வரும், பிறகு எழும்பமாட்டோம். சந்தேகம் வந்தால் விமானி சூட்டை நிறுத்திவிட்டு, குளிர் என்று பாராமல் காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடுவாராம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் இருப்பது நிலக்கீழ் வீடு. பேர்னஸ் அறைக்குள் வெளியிலிருந்து ஒரு குழாய் வருகிறது. அதால் குளிர் கொட்டுகிறதென்று, வந்த முதல் பனிக்காலத்திலேயே பழைய துவாயால் இறுக்கி அடைத்தவன் நான்தான். கெட்டித்தனம் என்று நினைப்பு! காஸ் எரியக் காற்று வேண்டும் என்ற யோசனையே வரவில்லை. அந்த வாரம் மகள் இரண்டு முறை தலையிடி என்றவள். குளிசை கொடுத்துப் படுக்க வைத்திருந்தோம்.

அன்று பின்னேரம் சப்பாத்தும் கழற்றாமல் போய்த் துவாயை இழுத்தெடுத்தேன். வீட்டுக்காரர் ஆள் பிடித்துப் பேர்னஸைச் சோதிப்பித்தார். அந்த வாயு வந்தால் கத்துகிற கருவி ஒன்றும் வாங்கி, படுக்கை அறைக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கிறோம். பேர்னஸ் அறைப் பக்கம் போனால் கால் விறைக்கிறதென்று மனுசி இன்னும் புறுபுறுத்தபடிதான்.