படத்தை எடுத்துவிட்டுப் போன பயணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரை அவுட்போஸ்ட் அம்பேத்கர் சிலை முன்பு கூடினோம். இரண்டு வேன்கள், முப்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் கல்லூரி மாணவ, மாணவியர். மீதிப் பேர் ஆசிரியர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்ற இரண்டு பெரியவர்கள். தலைக்கு 450 ரூபாய். மதியத்துக்குப் புளியோதரையும் துவையலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டோம். இரண்டு வேன்களின் முன்கண்ணாடியிலும் அண்ணல் படத்தை ஒட்டினோம்.

மதுரைக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், அழகர்கோவில், இப்போது கீழடி. எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் நம் மக்கள் போராடியதற்கும் உயிர் கொடுத்ததற்கும் சாட்சியாக நிற்கும் இடங்களும் இதே மதுரையைச் சுற்றித்தான் இருக்கின்றன. அவற்றுக்கு எந்த வேனும் போவதில்லை. அதனால்தான் நாங்கள் போனோம்.

முதலில் மீனாட்சியம்மன் கோயில். எல்லோரும் பலமுறை பார்த்த கோயில். 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் இதற்குள் நுழைந்தார்கள் என்பதும், அதற்கு முன் நம்மவர்களுக்கு உள்ளே இடமில்லை என்பதும் மாணவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. “எங்க தாத்தா பொறந்தப்போ உள்ள விடமாட்டாங்களா சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். ஆமாம் என்றோம். அதன் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

அங்கிருந்து மேலூர் வழியாகத் தும்பைப்பட்டி. கக்கன் 1908-இல் பிறந்த ஊர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், பொதுப்பணித் துறை அமைச்சர், உள்துறை அமைச்சர் என்று உயர்ந்த மனிதர், கடைசிக் காலத்தில் அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தார். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை அவர் பொதுப்பணித் துறையைக் கவனித்த காலத்தில் முடிந்த வேலை. வைகை அணைப் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பிள்ளைகள் நம் பக்கம் குறைவு. தும்பைப்பட்டி மணிமண்டபத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் வேன்களில் ஒருவர்கூட இல்லை.

அடுத்தது மேலவளவு. 1996-இல் தனித்தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தேர்தல் நடத்தவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. தலைவராக வென்ற முருகேசனும் உடன் வந்தவர்களுமாக ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் வாங்கி, பட்டப்பகலில், பொதுப் பேருந்தில் வந்தவர்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. ‘விடுதலைக் களம்’ என்று மக்கள் அழைக்கும் அந்த நினைவிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஊர்க்காரர் ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் மதுரையைத் தாண்டி மேற்கே திரும்பினோம். உசிலம்பட்டி, எழுமலை வழியாக உத்தப்புரம் போவது திட்டம். வழியில் ஓர் ஊர் வருவதற்கு முன் முதல் வேன் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படத்த மட்டும் எடுத்துருங்க. வண்டி கடன்ல ஓடுது. கண்ணாடி போச்சுன்னா யாரு கட்டுறது?” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து எங்களோடு சிரித்துப் பேசி, எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டவர். அவருடைய பயமும் பொய்யில்லை.

வேனுக்குள் வாக்குவாதம். “எதற்கு எடுக்கணும்? நாம் என்ன தப்பு செய்தோம்?” என்றார் ஒரு மாணவி. “பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறோம், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்” என்றார் பெரியவர் ஒருவர். மேலவளவில் அந்தப் பேருந்தின் கதையைக் கேட்டு வந்த எங்களுக்குப் பெரியவர் பேச்சைத் தள்ள முடியவில்லை. படத்தை எடுத்து மடித்து வைத்தோம்.

அண்ணலே இப்படி ஒரு பயணம் போயிருக்கிறார். 1934-இல் தோழர்கள் முப்பது பேரோடு, பஸ்களும் கார்களும் வாடகைக்கு எடுத்து, நாசிக்கிலிருந்து எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். தீண்டத்தகாதவர்கள் என்று தெரிந்தால் வழியில் தொல்லை வரும் என்பதால் பயணத்தை வெளியே சொல்லவில்லை. தௌலதாபாத் கோட்டை வாசலில், பயணத்தூசி போகச் சிலர் அங்கிருந்த குளத்துத் தண்ணீரில் முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. கோட்டைக்குள் வேறு எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவரைக் கூடவே அனுப்பினார்கள். வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி, வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்த மனிதருக்கு நடந்தது இது. அந்தப் பயணம் இயோலா என்ற ஊர் வழியாகப் போனது. அடுத்த ஆண்டு, 1935 அக்டோபரில், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தது அதே இயோலாவில்தான்.

உத்தப்புரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு நின்ற சுவரில் 2008 மே 6 அன்று அரசு ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்த இடத்தைப் பார்த்தோம். வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் கவனித்தோம், பின்னால் வந்த வேனில் படம் அப்படியே இருந்தது. அந்த ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அதே சாலையில், அதே ஊர் வழியாகத்தான் வந்தார்கள். யாரும் மறிக்கவில்லை. டீக்கடையில் வழி கேட்டபோது ஒருவர் எழுந்து வந்து கைகாட்டினாராம்.

இதை வைத்துப் பயமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. ஒரு நாள் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக எந்த நாளும் நடக்காது என்று ஆகிவிடாது. ஆனால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1934-இல் மறைந்து போனார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. இன்று அரசியலமைப்பு இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் இருக்கிறது. இருந்தும் படத்தை மடித்து வைக்கிறோம் என்றால், அந்தச் சாலை இன்னும் முழுதாக நமதாகவில்லை. அதை நமதாக்க ஒரே வழி, திரும்பத் திரும்ப அதில் போவதுதான்.

பழைய காயத்தைக் கிளறலாமா என்று சிலர் கேட்பார்கள். ஜாலியன்வாலா பாக்கைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். அதைக் காயத்தைக் கிளறுவது என்று யாரும் சொல்வதில்லை. வரலாறு என்கிறோம். மேலவளவும் வரலாறுதான். பத்து ஆண்டுகள் ஊராட்சித் தேர்தல் நடத்தவிடாத பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006-இல் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றதும் வரலாறுதான். வெட்டுப்பட்டதை மட்டும் இல்லை, வென்றதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

எனவே நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாவட்டச் சுற்றுலாப் பட்டியலில் தும்பைப்பட்டியும் மேலவளவும் இடம்பெற வேண்டும். நெடுஞ்சாலையில் வழிகாட்டிப் பலகை வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க வருகிறவர் கண்ணில் படும்படி 1939 ஜூலை 8 பற்றிய கல்வெட்டு வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த வழியில் அழைத்துப் போக வேண்டும். மற்ற மாணவர்களும் கூட வர வேண்டும். நம் பிள்ளைகள் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாணவர்களே, ஒரு வேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு 450 ரூபாய் போதும். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். புத்தகத்தில் இல்லாததை அவர் சொல்வார். நாங்கள் அடுத்த ஜூன் 30 அன்று மேலவளவுக்கு மறுபடியும் போகிறோம். அந்த முதல் வேன் ஓட்டுநரிடமே பேசியிருக்கிறோம், வருகிறேன் என்றிருக்கிறார். கண்ணாடிக்கு ஏதாவது ஆனால் செலவை நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. இந்த முறை படத்தை எடுப்பதாக இல்லை.